திருகைச் சுற்றிச் சிவந்திருக்கிறது, மஞ்சள் பூசலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. பெரம்பலூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையலராக இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே இரண்டு காதிலும் சீழ். வலது காதில் இரண்டு முறை ஆபரேஷன் ஆனது. காதுக்குள் வைக்கிற மெஷின் போட்டால் மறுபடியும் சீழ் வந்துவிடும். அதனால் எட்டு மாதத்துக்கு முன்பு வலது காதுக்குப் பின்னால் எலும்பில் திருகு வைத்து, அதில் மெஷின் மாட்டிக் கொடுத்தார்கள். நன்றாகக் கேட்கிறது. ஆனால் இரண்டு வாரமாகத் திருகைச் சுற்றித் தோல் சிவந்து, காலையில் எழுந்தால் ஈரமாக இருக்கிறது. தண்ணீர் பட்டால் மூளைக்குப் போய்விடும் என்ற பயத்தில் அந்த இடத்தை நான் தொடுவதே இல்லை. மாமியார் மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசிவிடுகிறார். பூ வைத்தால் மெஷின் கீச்சென்று கத்துகிறது. ஆவி பட்டுக் கெட்டுவிடும் என்று சமைக்கும்போது கழற்றி வைத்துவிடுகிறேன். பிள்ளைகள் கூப்பிட்டால் எந்தப் பக்கத்திலிருந்து என்றும் தெரியவில்லை. சமயபுரத்தில் மொட்டை போடுவதாக வேண்டுதல் இருக்கிறது, போடலாமா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மஞ்சளை நிறுத்துங்கள். இன்றைக்கே. உங்கள் மாமியார் அக்கறையோடுதான் செய்கிறார், அதனால் அவரிடம் கோபமில்லாமல் எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் காதுக்குப் பின்னால் இருப்பது ஆறி மூடப்போகிற காயம் இல்லை. மூக்குத்தி குத்திய துளை மாதிரி, தோல் திறந்தபடியே ஓரம் மட்டும் ஆறி நிற்க வேண்டிய இடம் அது. அங்கே எண்ணெயில் குழைத்த பொடியைப் பூசினால், திருகின் மேல் வெளியே தெரிகிற தண்டுக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய இடுக்கில் அது போய்த் தங்கி, உதிர்கிற தோலோடும் வியர்வையோடும் சேர்ந்து பொருக்காகக் கட்டிக்கொள்ளும், அந்தப் பொருக்குக்கு அடியில் கிருமி வளரும். அதுமட்டுமில்லை, மஞ்சள் நிறம் ஒட்டியிருக்கிற தோலில் சிவப்பு எவ்வளவு இருக்கிறது என்று டாக்டருக்கும் சரியாகத் தெரியாது.

அடுத்தது, இந்த வாரத்துக்குள் உங்களுக்கு ஆபரேஷன் செய்த காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். நான் ஆடியாலஜிஸ்ட், மெஷினைப் பொருத்துவதும் அளவு வைப்பதும் என் வேலை, மருந்து எழுதவேண்டியது அவர்தான். இந்தத் தண்டைச் சுற்றி வருகிற தோல் தொந்தரவுகளை டாக்டர்கள் 0 முதல் 4 வரை தரம் பிரித்துப் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் 0, லேசான சிவப்பு மட்டும் என்றால் 1, சிவப்போடு ஈரமும் இருந்தால் 2, சதை வளர்ந்து மேலே ஏறினால் 3, தண்டையே எடுக்கவேண்டிய அளவுக்குத் தொற்று என்றால் 4. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் 2 போலத் தெரிகிறது. கண்ணால் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அதுதான் என்றால் சுத்தம் செய்து தடவுவதற்கு ஒரு களிம்பு கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக ஏதாவது ஆயின்மென்ட் கேட்டு வாங்கிப் பூசவேண்டாம். நடுவில் வலி கூடினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், தோல் வீங்கித் தண்டின் மேல் ஏறினால், தண்டு ஆடுவதுபோல் இருந்தால் வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே கிளம்பிவிடுங்கள். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை மெஷின் மாட்டும்போது வலித்தால் மாட்டாதீர்கள், வலியில்லை என்றால் மாட்டிக்கொள்ளலாம்.

சரி, இப்போது அந்தப் பயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்த ஒரு வரிதான். எட்டு மாதமாக அந்த இடத்தைத் தொடவே இல்லை என்றால், இரண்டு வாரத்துக்கு முன்புதான் சிவந்தது என்பதே நல்ல விஷயம். தண்ணீர் படுவதால் வருகிற கெடுதலைவிட, பயந்துபோய் அப்படியே விட்டுவைப்பதால் வருகிற கெடுதல்தான் மிக அதிகம், இந்த மெஷின் வைத்திருக்கும் பலரிடம் நான் பார்ப்பது இதைத்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும். எலும்புக்குள் இறங்கியிருக்கிற டைட்டானியம் திருகின் நீளம் வழக்கமாக 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். காதுக்குப் பின்னால் மண்டை எலும்பின் கனத்தைப் பார்த்து, அதற்குள்ளேயே நிற்கும்படி வைக்கிறார்கள். எலும்பு அந்த டைட்டானியத்தோடு இறுகி ஒட்டி வளர்ந்துவிடுகிறது, பல் டாக்டர்கள் செயற்கைப் பல் பொருத்த வைக்கிற திருகும் இதே முறைதான். சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரத்தில் பேராசிரியர் பிரோனமார்க் வளர்த்தெடுத்த முறை அது. அதே ஊரில் 1977இல் ஆண்டர்ஸ் ஷெல்ஸ்ட்ரோம் என்ற டாக்டர் காது கேட்காதவர்களுக்கு முதன்முதலாக இப்படித் திருகு வைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை இதை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் தலைக்குக் குளித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்கள் வெளியில் பார்ப்பது அந்தத் திருகின் மேல் பூட்டியிருக்கும் தண்டு, டாக்டர்கள் அபட்மென்ட் என்பார்கள். அதைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினால் அது தோலோடு வழிந்து போய்விடும், எலும்பைத் தாண்டி மூளைக்குப் போக வழியே கிடையாது.

ஆகவே டாக்டரைப் பார்த்து வந்தபிறகு, அவர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, தினமும் கழுவுங்கள். தலைக்கு ஊற்றாத நாளிலும் அந்த இடத்தை மட்டும் கழுவவேண்டும். மெஷினைக் கழற்றிப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு, குழந்தைகளுக்குப் போடுகிற சோப்பு அல்லது மிதமான ஷாம்பூவைக் கொஞ்சம் நுரைத்து, தண்டின் அடியைச் சுற்றி, தோலும் தண்டும் சேருகிற விளிம்பில், மென்மையான பிரஷ்ஷால் வட்டமாகத் தேயுங்கள். அதற்கென்றே ஒரு பிரஷ் மெஷினோடு கொடுத்திருப்பார்கள், பெட்டியில் தேடிப் பாருங்கள், கிடைக்கவில்லை என்றால் மெஷின் வாங்கிய இடத்தில் கேளுங்கள், அதுவரைக்கும் குழந்தைகளுக்கான மிக மென்மையான பல் பிரஷ் புதிதாக ஒன்று போதும். தண்டின் உள்பக்கம் குழிவாக இருக்கும், அங்கேயும் அழுக்குச் சேரும், அதையும் துடையுங்கள். இப்போது சிவந்திருக்கிற நேரத்தில் பிரஷ் வலித்தால், சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய காட்டன் துணியால் ஒற்றி எடுங்கள். பொருக்கு காய்ந்து ஒட்டியிருந்தால் நகத்தாலோ ஹேர்பின்னாலோ பெயர்க்காதீர்கள், நுரையைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் ஊறித் தானாக வரும், இன்றைக்கு வராதது நாளைக்கு வரும். பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி அலசி, சுத்தமான துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் நன்றாக உலரவிட்டுத்தான் மெஷினை மாட்டவேண்டும். ஈரத்தோடு மாட்டினால் அடியில் புழுங்கும். காலையில் ஈரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், இரவில் மெஷினைக் கழற்றிவிட்டுத்தான் தூங்குகிறீர்களா என்று எழுதவில்லை. கட்டாயம் கழற்றிவிடுங்கள், தோலுக்கும் காற்று வேண்டும்.

டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். சீயக்காய், அரப்பு போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடச் சொல்லமாட்டேன், ஆனால் அந்தத் தூள் தண்டின் அடியில் சிக்கிக்கொண்டால் எடுப்பது கஷ்டம், அதனால் அந்தப் பக்கம் மட்டும் ஷாம்பூ போட்டுக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கலாம், தண்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வைக்காதீர்கள், எண்ணெய்க் கையோடு மெஷினையும் தொடாதீர்கள், மைக் துளை சின்னது, ஒருமுறை எண்ணெய் இறங்கிவிட்டால் குரல் மங்கிவிடும். தண்டை ஒட்டி வளர்கிற முடியை வீட்டில் யாராவது கத்தரியால் குட்டையாக வெட்டிவிட்டால் பாதித் தொந்தரவு குறையும், ஏனென்றால் அந்த முடிதான் தண்டில் சுற்றிக்கொண்டு அழுக்கைப் பிடித்துவைக்கிறது.

உங்களால் அந்த இடத்தைப் பார்க்க முடியாது இல்லையா, அதனால் வாரம் ஒருமுறை மகனோ மகளோ போனில் ஒரு படம் எடுத்துக் காட்டட்டும். போன வாரத்தைவிடச் சிவப்பு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பது படத்தில்தான் தெளிவாகத் தெரியும், டாக்டருக்கும் அது மிகவும் உதவும்.

இன்னொன்று. நன்றாக இருந்த தோல் திடீரென்று சிவந்தால், தண்டு லேசாகத் தளர்ந்திருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்டுக்கும் உள்ளே இருக்கிற திருகுக்கும் நடுவில் ஒரு சின்ன இணைப்புத் திருகு உண்டு, அது தளர்ந்தால் தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஆடி ஆடித் தோலை உரசிக்கொண்டே இருக்கும், எவ்வளவு களிம்பு பூசினாலும் சிவப்பு போகாது. அதை இறுக்க அளவு பார்த்துத் திருப்புகிற கருவி டாக்டரிடம் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. வீட்டில் யாரும் ஸ்க்ரூடிரைவரோ குறடோ எடுத்து முயற்சி செய்துவிடக்கூடாது, இதைச் சும்மா சொல்லவில்லை, அப்படிச் செய்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

அடுத்து சமையலறை. ஆவிக்குப் பயந்து சமைக்கிற நேரம் முழுக்கக் கழற்றி வைக்கிறீர்கள் என்றால், உங்கள் வேலை நாளில் பெரும்பகுதி கேட்காமலே போகிறது. சுற்றிலும் கொதிக்கிற அண்டா, அடுப்பு, ஓடிவருகிற பிள்ளைகள், அந்த இடத்தில்தான் உங்களுக்குக் காது மிகவும் தேவை. யாராவது "அக்கா, தள்ளு" என்று கத்தினால் கேட்கவேண்டாமா? போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். அண்டா மூடியைத் திறக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் மட்டும் முகத்தைத் திருப்பி இடது பக்கம் ஆவி படும்படி நின்றுகொள்ளுங்கள், அவ்வளவு போதும். மெஷினோடு ஒரு மெல்லிய கயிறும் கிளிப்பும் கொடுத்திருப்பார்கள், அதை ஜாக்கெட்டின் பின்கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், குனியும்போது எதிலாவது இடித்துக் கழன்றாலும் சாம்பாரில் விழாமல் தோளில் தொங்கும்.

ஈரம் மெஷினுக்கு எதிரிதான், அதில் சந்தேகம் இல்லை, ஆனால் அதை ராத்திரியில் எடுத்துவிடலாம். கழற்றியதும் வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பேட்டரியை அதோடு வைக்காதீர்கள், இந்த வகைப் பேட்டரி காற்றை வைத்து வேலை செய்வது, சிலிக்கா ஜெல் அதையும் சேர்த்து உலர்த்திவிடும். ஜெல் மணிகள் நிறம் மாறியிருந்தால் ஈரம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம், புது மணிகள் மாற்றுங்கள். அரிசி டப்பாவில் போட்டுவைக்கிற யோசனையை யாராவது சொல்வார்கள், வேண்டாம், அரிசி மாவுத்தூள் மைக்கில் அடைக்கும். மெஷின் தண்ணீரில் விழுந்துவிட்டால் பேட்டரியை உடனே எடுத்துவிட்டுத் துடைத்து டப்பாவில் வைத்து எங்களைப் போன்றவர்களிடம் கொண்டுவாருங்கள், ஹேர் டிரையர், அடுப்புச் சூடு, வெயில் எதிலும் காட்டாதீர்கள்.

பேட்டரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கரைப் பிரித்தவுடனே போடாமல் ஓரிரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள், முழு சக்தி அப்போதுதான் வரும். பிரித்தபிறகு ஸ்டிக்கரை மறுபடி ஒட்டினாலும் அது சேமிக்காது. பழுப்பு ஸ்டிக்கர் 312, ஆரஞ்சு ஸ்டிக்கர் 13, உங்கள் மெஷினுக்கு எது என்று பார்த்து அதை மட்டும் வாங்குங்கள். பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவர் என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள்: தீர்ந்த பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் போடவே கூடாது. விழுங்கினாலோ மூக்கில் திணித்துக்கொண்டாலோ சதையை அரித்துவிடும், அப்படி நடந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

பூ வைத்தால் கீச்சென்று கத்துவது பழுது இல்லை. மெஷினிலிருந்து வருகிற ஒலி வெளியே கசிந்து மறுபடி மைக்குக்கே திரும்பினால் அப்படிக் கத்தும். எதுவாவது மெஷினைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது நடக்கும், பூச்சரம், முந்தானை, சுவரில் சாய்வது, தலையணை, எல்லாம் ஒன்றுதான். பூவை இடது பக்கம் தள்ளி வையுங்கள், இல்லை பின்னலின் கீழே சொருகுங்கள், பின்னலையும் வலது பக்கம் இழுத்து இறுக்காதீர்கள். மாட்டும்போது முடி நடுவில் சிக்கினாலும் கத்தும், முடியை ஒரு கையால் விலக்கிப் பிடித்து, மெஷினின் ஒரு ஓரத்தை முதலில் தண்டில் சாய்த்து வைத்து மெல்ல அழுத்தினால் டக்கென்று உட்காரும். நேராகக் குத்தி அழுத்தினால் தண்டுக்குத் தேவையில்லாத அழுத்தம். கழற்றும்போதும் அப்படித்தான், ஓரத்தில் விரலைக் கொடுத்துச் சாய்த்து எடுங்கள், நேராகப் பிடுங்காதீர்கள். எதுவும் தொடாமல் இருக்கும்போதும் கத்தினால் அப்போது கொண்டுவந்து காட்டுங்கள்.

எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்றீர்களே, அது உங்கள் குறை இல்லை, மெஷின் பழுதும் இல்லை. ஒலி எந்தப் பக்கம் வருகிறது என்று நமக்குத் தெரிவது எப்படி என்றால், ஒரு காதுக்கு அது கொஞ்சம் முந்தியும் சத்தமாகவும், மறு காதுக்குக் கொஞ்சம் பிந்தியும் மெதுவாகவும் வருகிற வித்தியாசத்தை வைத்துத்தான். உங்கள் மெஷினோ வலது பக்கம் மைக்கில் விழுந்த ஒலியை மண்டை எலும்பு வழியாக அதிர்வாக அனுப்புகிறது, எலும்பு அதை இரண்டு பக்கத்து உள்காதுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் கொண்டுபோய்விடும். அதனால்தான் ஒரு மெஷினிலேயே நன்றாகக் கேட்கிறது, அதனாலேயே திசையும் தெரிவதில்லை. இடது பக்கமும் ஒன்று வைத்தால் திசை ஓரளவு தெரியும் என்று பலரிடம் பார்த்திருக்கிறேன், ஆனால் இன்னொரு ஆபரேஷன், இன்னொரு பெரிய செலவு, அவசரப்பட்டு முடிவெடுக்கவேண்டாம். ஆபரேஷன் இல்லாமல் பட்டியில் மாட்டித் தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற சோதனை மெஷின் உண்டு, உங்கள் ஆடியாலஜிஸ்ட்டிடம் கேட்டு அதை இடது பக்கம் போட்டுக்கொண்டு பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் அப்புறம் யோசிக்கலாம். அதுவரை பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், "முன்னாடி வந்து நின்னு கூப்பிடுங்க" என்று ஒருமுறை சொன்னால் அவர்கள் புரிந்துகொள்வார்கள். ரோட்டைக் கடக்கும்போது மட்டும் காதை நம்பாமல் இரண்டு பக்கமும் பார்த்துக் கடங்கள்.

போன் பேசும்போது காதில் வைத்துக் கேட்கவில்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள், போனை மெஷினுக்குப் பக்கத்தில், ஒட்டாமல் வைத்துப் பேசிப் பாருங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரில் போடுங்கள். மெஷினில் புளூடூத் இருந்தால் இன்னும் நல்லது.

சமயபுரம் மொட்டை. போடலாம், ஆனால் இப்போது வேண்டாம். சிவப்பும் ஈரமும் முழுக்கப் போய், டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்னபிறகு போடுங்கள். போடும்போது மெஷினைக் கழற்றி வீட்டார் கையில் கொடுத்துவிட்டு, தண்டின் மேல் அதற்கான மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள். முடி எடுப்பவரிடம் உட்காருவதற்கு முன்பே தண்டைக் காட்டி, அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தி படவேண்டாம் என்று சொல்லுங்கள், கழற்றியபிறகு உங்களுக்கே பேச்சு சரியாகக் கேட்காது என்பதால் கூட வருகிறவர் பக்கத்தில் நின்று கவனிக்கட்டும். மிச்சமிருக்கிற முடியை வீட்டுக்கு வந்து டிரிம்மரால் எடுத்துவிடலாம். சந்தனம் பூசும்போது அந்தப் பக்கம் விட்டுவிடுங்கள், மஞ்சளுக்குச் சொன்னதுதான் சந்தனத்துக்கும். அன்றைக்கே சோப்பு போட்டு அந்த இடத்தைக் கழுவிவிடுங்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்று தோன்றினால் பூமுடி கொடுப்பதும் வழக்கத்தில் இருப்பதுதான், மாமியாரோடு கலந்து பேசி முடிவெடுங்கள்.

கடைசியாக உங்கள் காதைப் பற்றி. மெஷின் வைத்தபிறகு காது காய்ந்துவிட்டது, இனி பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். காதுக்குள் எதுவும் வைக்காததால் காற்றோட்டம் கிடைத்துச் சீழ் குறைந்திருக்கும், ஆனால் பழைய வியாதி உள்ளே இருக்கிறதா என்று டாக்டர் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். தலைக்குக் குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவி இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளுங்கள், காதில் எண்ணெய் விடாதீர்கள். நாற்றமடிக்கிற சீழ், தலைச்சுற்றல், முகம் ஒரு பக்கம் இழுப்பது இவற்றில் எது வந்தாலும் அன்றே போகவேண்டும். வருடம் ஒருமுறை கேட்கும் திறனைச் சோதித்துப் பாருங்கள், ஏனென்றால் நாள்பட்ட சீழ் உள்காதையும் மெல்லப் பாதிக்கும், உள்காதின் திறன் குறைந்தால் மெஷினின் அளவை மாற்றவேண்டிவரும், ஒரு கட்டத்துக்கு மேல் இன்னும் சக்தியான மெஷின் தேவைப்படும்.

இந்த வாரம் டாக்டரிடம் போகும்போது ஆபரேஷன் முடிந்ததும் கொடுத்த இம்பிளான்ட் கார்டையும் எடுத்துப்போங்கள், அதில் உங்கள் திருகின் பெயரும் அளவும் இருக்கும், இறுக்கவோ தண்டை மாற்றவோ வேண்டியிருந்தால் அது உடனே உதவும். கார்டைப் படம் எடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு எப்போதாவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் மெஷினை வெளியே கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போவதற்கு முன்பே அந்தக் கார்டைத்தான் முதலில் காட்டவேண்டும்.